ஒரே குளிசை, இரண்டு பெட்டி

சாமுவேல் அண்ணை விழுந்தபோது நாங்கள் எல்லோரும் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பிராண்டே என்ற டேனிஷ் ஊரில் எங்கள் சபைக்கு அப்போது சொந்தக் கட்டடம் இல்லை. பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத்தான் ஆராதனை நடக்கும். நிலமெல்லாம் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கோடுகள். சப்பாத்து ரப்பர் மணமும், பின்மேசையில் மூடி வைத்திருந்த மீன் பற்றிஸ் பலகார மணமும் ஒன்றாகக் கலந்து வரும். எங்கள் பிள்ளைகளில் பலருக்குப் பரலோகம் என்றால் இன்றைக்கும் அந்த மணம்தான் நினைவுக்கு வரும்.

எங்கள் பெந்தெகொஸ்தே சபையில் ஆராதனை நேரத்தில் ஒருவர் விழுவது புதினமில்லை. ஆவியானவர் தொட்டால் ஆள் சாய்வார். பிடிப்பதற்குப் பின்னால் இரண்டு பேர் நிற்பார்கள். மேலே போர்த்த ஒரு சால்வையும் மடித்து வைத்திருக்கும்.

ஆனால் சாமுவேல் அண்ணை பின்னால் சாயவில்லை. பக்கவாட்டில், மூன்று கதிரைகளை இழுத்துக்கொண்டு, பட்மின்டன் கோட்டுக்கு மேலே விழுந்தார். பிடிக்க நின்ற இருவரும் வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீபோட் வாசிக்கிற தம்பி இன்னும் உற்சாகமாக வாசித்தான். ஒரு அக்கா சால்வையோடு ஓடி வந்தார். "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று மண்டபம் அதிர்ந்தது.

நான் அவருடைய உதட்டைப் பார்த்தேன். சாம்பல் நிறம்.

அப்போது நான் மருந்தகத்தில் இரண்டாம் வருட மாணவி. நிறத்தைப் பார், வியர்வையைப் பார், பிறகு பேசு என்று சொல்லித் தந்திருந்தார்கள். ஓடிப்போய் முட்டுக்காலில் இருந்து அவருடைய நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்த வியர்வை. நாடி, தேடித் தேடிப் பிடிக்க வேண்டிய நாடி.

"ஆவியில இருக்கிறார், தொடாதை பிள்ளை" என்றார் சால்வை அக்கா.

"அக்கா, இருக்கட்டும். காலைத் தூக்கிக் கதிரைக்கு மேல வைப்பம். ஆராவது ஆம்புலன்சுக்கு அடியுங்கோ" என்றேன்.

அப்போதுதான் கீபோட் நின்றது.

அவருக்கு என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், அந்த மண்டபத்தில் நூறு பேர் என்னை ஏன் ஒரு டொக்டரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள் என்பதைச் சொல்லவேண்டும். அது முழுக்க என் அம்மாவின் கைங்கரியம்.

அம்மா தந்த பட்டம்

அதற்கு முன் நான் காற்றாலை இறக்கை செய்கிற தொழிற்சாலையில் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். கண்ணாடி நாரை விரித்துப் பசையைப் பூசுகிற வேலை. அந்தப் பசை ஒருநாள் என் கைக்கு ஒத்துவராமல் போனது. விரல் எல்லாம் வெடித்து, சோறு பிசையவே முடியாத அளவுக்கு எரிவு. களிம்பு வாங்க மருந்தகத்துக்குப் போய்ப் போய், அங்கே இருந்த இழுப்பறைகளையும், வெள்ளை மேலங்கிகளையும், யாரும் சத்தம்போடாமல் கதைக்கிற விதத்தையும் பார்த்து, இந்த இடத்தில் ஒருநாள் உள்பக்கம் நிற்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தபோது எனக்கு வயது முப்பத்தைந்து.

டேனிஷில் மருந்தகத்துக்கு 'அப்போதேக்' என்று பெயர். யாழ்ப்பாணத்தில் 'அப்போதிக்கரி' என்றால் என்ன என்று என் வயதுக்காரருக்குத் தெரியும். அரைவாசி டொக்டர். ஊசி போடுவார், சீழ்க்கட்டி வெட்டுவார், சைக்கிளில் வந்தாலும் சனம் எழும்பி நிற்கும்.

அம்மா சபையில் எல்லோருக்கும் சொன்னது இதுதான்: "என்ர மகள் அப்போதேக்குக்குப் படிக்கிறாள்."

கேட்டவர்களின் காதில் விழுந்தது வேறு. அடுத்த கிழமையே ஒருவர் சபை வாசலில் வைத்துக் கால்சட்டையை மடித்து, முழங்காலைக் காட்டினார். இன்னொருவர் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினார்.

"அம்மா, நான் டொக்டர் இல்லை எண்டு சொல்லுங்கோ."

"நான் டொக்டர் எண்டு ஆருக்கும் சொல்லேல்லையே. அவையளா விளங்கிக்கொண்டதுக்கு நான் என்ன செய்ய?"

அம்மா முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்து எங்களை வளர்த்தவர். விளங்கிக்கொண்டவர்களைத் திருத்துகிற அவசரம் அவருக்கு இருக்கவில்லை.

ராசாவின் கட்டளை

உண்மையில் மருந்தக ஏணியில் என் படி கீழ்ப்படி. உச்சியில் இருப்பவர் 'அப்போதேக்கர்'. அரசாங்கம் பார்த்து அனுமதி கொடுத்தால்தான் ஒருவர் மருந்தகம் வைத்திருக்கலாம். பலசரக்குக் கடைபோல நினைத்த இடத்தில் திறக்க முடியாது. அவருக்குக் கீழே ஐந்து வருடம் பல்கலைக்கழகத்தில் படித்த மருந்தாளர்கள். அதற்குக் கீழே மூன்று வருடம் படிக்கிற நாங்கள், 'பார்மகோனோம்'. பெரும்பாலான நாள் மருந்தகத்தில் வேலை. இடையிடையே கடலுக்கு மேலான பெரிய பாலம் தாண்டி வேறு தீவுக்குப் போய்ச் சில கிழமை வகுப்பு. என்னோடு படித்தவர்களுக்குப் பத்தொன்பது, இருபது வயது. அவர்கள் இரவில் ஆடப் போவார்கள். நான் அறையில் இருந்து, சளி மருந்துக்கு டேனிஷில் எத்தனை பெயர் என்று பாடமாக்குவேன்.

வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது வரலாற்றுப் பாடம். பல நூறு வருடங்களுக்கு முன்னால் இந்த நாட்டு ராசா ஒருவர் கட்டளை போட்டாராம். மருந்து எழுதுகிறவர் விற்கக்கூடாது, விற்கிறவர் எழுதக்கூடாது. ஒரே ஆள் இரண்டையும் செய்தால் நோயாளியின் பாடு திண்டாட்டம் என்று ராசாவுக்கு விளங்கியிருக்கிறது. அந்தக் காலத்து மருந்தகங்களுக்கு அன்னம், சிங்கம், மான் என்று மிருகங்கள், பறவைகளின் பெயர்தான். எழுத்து வாசிக்கத் தெரியாதவனும் வாசலில் இருக்கிற உருவத்தைப் பார்த்து வந்துவிடுவான்.

நான் கை தூக்கி, எங்கள் ஊரில் டொக்டரே எழுதி, டொக்டரின் ஆளே கலக்கி, சிவப்புத் தண்ணீரைப் போத்தலில் ஊற்றித் தருவார் என்று சொன்னேன். எத்தனை தரம் குடிப்பது என்று காட்ட, கடதாசியைப் பல்லுப் பல்லாக வெட்டிப் போத்தலின் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள்.

"போத்தலுக்குள் என்ன இருந்தது?" என்று ஆசிரியை கேட்டார்.

"யாரும் கேட்டதில்லை" என்றேன்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. "அதைத்தான் நீ இனிக் கேட்க வேண்டும், கேட்பவர்களுக்குச் சொல்லவும் வேண்டும்" என்றார்.

வாய்க்குப் பூட்டு

மருந்தகத்தில் எனக்குப் பொறுப்பாக இருந்தவர் கிர்ஸ்டன் என்ற மருந்தாளர். உயரமான, சிரிக்க யோசிக்கிற மனுசி. முதல் நாள் கோப்பி மெஷின் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்னமே ஒரு கடதாசியை நீட்டினார். இங்கே வருகிற யாருக்கு என்ன மருந்து என்று வெளியில் மூச்சுவிடமாட்டேன் என்று கையெழுத்து. நாங்கள் மருந்து எடுத்துக்கொடுக்காத ஆளின் விவரத்தைக் கணினியில் திறந்து பார்ப்பதும் குற்றம்.

"பிராண்டே சின்ன ஊர்" என்றார் கிர்ஸ்டன். "உன் ஆட்கள் அதைவிடச் சின்ன ஊர்."

அவருக்கு எங்களைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று அன்றைக்கே வியந்தேன்.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு அந்தக் கடதாசியைப் பற்றித் தெரியாது. நான் கவுண்டருக்கு வந்தபிறகு சில தமிழர் சந்தோஷப்பட்டார்கள், சிலர் என்னைக் கண்டு ஒளித்தார்கள். அதில் சாமுவேல் அண்ணை தனி ரகம்.

அது அவருடைய உண்மையான பெயர் இல்லை. இந்தக் கதையில் வருகிற எல்லோரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மாற்றவேண்டும், உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டவேண்டும் என்ற இரண்டு நிபந்தனையோடு அவர் சம்மதித்தார். ஆகவே, உயரமான சாமுவேல் அண்ணை எங்கள் சபையின் மூப்பர். அறுபதைத் தாண்டியவர். அவருடைய மனைவி மேரி அக்கா காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்தான் பிரசங்கம். "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கோ" என்பதுதான் அவருக்குப் பிடித்த வசனம்.

அவர் மண்டபத்தில் விழுவதற்குப் பத்து நாள் முன்னால் மருந்தகத்துக்கு வந்தார். வாசலில் இலக்கச் சீட்டு எடுத்தார். அவருடைய இலக்கம் என் கவுண்டருக்கு விழுந்தது. என்னைக் கண்டதும், பின்னால் நின்ற டேனிஷ்காரிக்குச் சீட்டைக் கொடுத்து "பிளீஸ், பிளீஸ்" என்று வழிவிட்டார். புதுச் சீட்டு எடுத்தார். அதுவும் எனக்கே விழுந்தது. அண்ணை உடனே பல்லுத் தூரிகைத் தட்டுக்குப் போய், ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கத்தில் இருக்கிற எழுத்தை வாசிக்கத் தொடங்கினார். பைபிளைக்கூட அவர் அவ்வளவு ஊன்றி வாசித்து நான் பார்த்ததில்லை.

மூன்றாம் சீட்டில் கிர்ஸ்டன் கிடைத்தார். கிர்ஸ்டன் ஏதோ விளக்கமாகச் சொன்னார். அண்ணை "யா, யா" என்று தலையாட்டினார். பையை வாங்கிக்கொண்டு, என் பக்கம் பார்க்காமலே போனார்.

எனக்கு மனம் நொந்துதான் போனது. முழங்காலைக் காட்டுகிறவர்கள் காட்டட்டும். இவர் என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை, பழைய பசைபூசி என்றே நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

கோட்டுக்கு மேலே

இப்போது மண்டபத்துக்கு வருவோம்.

கால் உயர்ந்ததும் அண்ணையின் கண் திறந்தது. சுற்றிவர நூறு முகம்.

"அண்ணை, இண்டைக்கு என்ன குளிசை எடுத்தனீங்கள்?"

"ஒண்டுமில்லை." கண்ணை மூடிக்கொண்டார்.

பின்னால் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "நீதானே பிள்ளை அங்க வேலை செய்யிறாய்? அவர் என்ன மருந்து எடுக்கிறவர் எண்டு சொல்லன்!"

நூறு முகமும் என் பக்கம் திரும்பின. எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்திருந்தாலும் அத்தனை பேருக்கு நடுவில் சொல்லியிருக்க முடியாது. அந்தச் சால்வையை வாங்கி அவர்மேல் போர்த்திவிட்டு எழும்பினேன்.

"எல்லாரும் அந்தப் பச்சைக் கோட்டுக்கு அங்கால போங்கோ. போதகர் ஐயா, நீங்களும்தான்."

போதகரை அங்கால போகச் சொன்னது எங்கள் சபையில் அதுதான் முதல் தடவை. ஆனால் போனார். அவர் போனபிறகு மற்றவர்களும் போனார்கள்.

நான் குனிந்து என் காதை அவருடைய வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். "அண்ணை, இப்ப ஆருக்கும் கேக்காது. நான் வெளியில சொன்னா என்ர வேலை போயிடும். சட்டம் அப்பிடி. சொல்லுங்கோ."

அவர் கண்ணைத் திறந்து பச்சைக் கோட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "பிரஷர் குளிசை. காலமை ரெண்டு. வெள்ளைப் பெட்டியில ஒண்டு, நீலப் பெட்டியில ஒண்டு."

"ரெண்டையும் டொக்டர் எடுக்கச் சொன்னவரோ?"

"வெள்ளை பழசு. நீலம் புதுசாத் தந்தவை. கூட்டித் தந்திருக்கினம் எண்டு நினைச்சன்."

எனக்கு விளங்கிவிட்டது. இந்த நாட்டில் ஒரே மருந்தைப் பல கொம்பனிகள் வெவ்வேறு பெயரில் செய்கின்றன. விலை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் மாறும். டொக்டர் 'மாற்றக்கூடாது' என்று எழுதாவிட்டால், அந்த நேரம் எது மலிவோ அதை நாங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே போன மாதம் வெள்ளைப் பெட்டி, இந்த மாதம் நீலப் பெட்டி. பெயர் வேறு, உள்ளே இருப்பது ஒன்றுதான். 'இது அதற்குப் பதிலாக' என்று பெட்டியில் ஒட்டுகிற துண்டிலேயே டேனிஷில் இருக்கும், எறும்பு அளவு எழுத்தில். கிர்ஸ்டன் வாயாலும் சொல்லியிருந்தார். அண்ணை "யா, யா" என்றிருந்தார்.

பத்து நாளாக இரட்டை மருந்து. அதற்குமேல் ஒரு மணித்தியாலம் கையை உயர்த்தியபடி நின்றிருக்கிறார்.

ஆம்புலன்ஸ் வந்தது. வந்த பெடியனிடம் டேனிஷில் இரண்டு வசனத்தில் சொன்னேன். அவன் தலையாட்டி, எழுதிக்கொண்டு, "நீங்கள் நர்ஸா?" என்று கேட்டான்.

"இல்லை, மருந்தகத்து மாணவி."

"அது போதும்" என்றான்.

அந்த வார்த்தையை அம்மா டேனிஷில் கேட்டு, தமிழில் எப்படி மொழிபெயர்த்துப் பரப்பினார் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

கதவு உள்ள அறை

அண்ணை இரண்டு நாளில் ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த கிழமை, ஆள் குறைந்த ஒரு காலமை நேரம், மருந்தகத்துக்கு வந்தார். கையில் பெரிய பிளாஸ்ரிக் பை. சீட்டு எடுக்கவில்லை. நேரே என் கவுண்டருக்கு வந்து நின்றார்.

"பிள்ளை, இங்க கதவு பூட்டிக் கதைக்கிற இடம் இருக்கோ?"

இருந்தது. இரண்டு கதிரையும் ஒரு சின்ன மேசையும் உள்ள அறை. பையைக் கவிழ்த்தார். நீலம், வெள்ளை, காலாவதியான இருமல் பாணி, யாரோ கனடாவில் இருந்து அனுப்பிய மூட்டு எண்ணெய். எல்லாவற்றுக்கும் கீழே, பேப்பரில் சுற்றின ஒரு பெட்டி. அதை அவர் கையிலேயே வைத்திருந்தார்.

"அது என்னண்ணை?"

பேப்பரைப் பிரித்தார். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற குளிசை.

"மேரி போனாப் பிறகு நித்திரையும் இல்லை, சாப்பாடும் இறங்கேல்லை. டொக்டர் தந்தவர். ரெண்டு வருசமா எடுக்கிறன்." என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே கதைத்தார். "நான் சனத்துக்குச் சந்தோஷமா இருங்கோ எண்டு சொல்லுறவன். உன்னட்ட வந்து இதை எப்பிடிக் கேக்கிறது? அதுதான் உன்னைக் கண்டா ஒளிக்கிறனான்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அத்தனை நாளும் என் மரியாதையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அண்ணை, இதை எடுக்கிற ஆக்கள் இந்த ஊரில நிறையப் பேர். ஆரார் எண்டு மட்டும் கேக்காதையுங்கோ."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்து நான் நீண்டநாள் கண்டதில்லை.

பெட்டிகளைப் பிரித்து அடுக்கினோம். நீலப் பெட்டியில் ஒரு துண்டை ஒட்டி, கொட்டை எழுத்தில் தமிழில் எழுதினேன்: 'வெள்ளையும் இதுவும் ஒன்று. ஒன்று மட்டும்.' கிர்ஸ்டன் வந்து கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். டேனிஷ் துண்டை மறைக்கிறதா என்று விரலால் அளந்தார். மறைக்கவில்லை.

"இதை எப்படிச் சொல்வது?" என்றார்.

"ஒண்டு மட்டும்."

அதற்குப் பிறகு எந்தத் தமிழர் வந்தாலும் கிர்ஸ்டன் "ஓண்டூ மத்தும்" என்று சொல்லித்தான் அனுப்புவார். தொண்டைக்கு இனிப்பு வாங்க வந்த ஒரு அங்கிள், பெட்டியோடு நின்று, ஒன்றை மட்டும்தான் தின்னலாமா என்று என்னிடம் வந்து கவலையாகக் கேட்டார்.

சாட்சி

மூன்று கிழமை கழித்து, சபையில் சாட்சி சொல்லுகிற நேரம். கர்த்தர் செய்த நன்மையை எழும்பிச் சொல்வதுதான் சாட்சி. பரீட்சை பாஸ், வீசா கிடைத்தது, கார் விபத்தில் தப்பியது என்று வரும். சாமுவேல் அண்ணை எழும்பியதும் மண்டபம் நிமிர்ந்து இருந்தது. மரணத்தின் வாசலில் இருந்து மீண்ட கதை வரப்போகிறது என்று எல்லோரும் தயார். கீபோட் தம்பி மெல்லிசாக ஒரு சுருதியைப் பிடித்தான்.

"நான் அண்டைக்கு ஆவியில விழேல்லை" என்றார் அண்ணை.

சுருதி நின்றது.

"ஒரே குளிசையை ரெண்டு பெட்டியில எடுத்து விழுந்தனான். கேட்டு எடுத்திருந்தா விழுந்திருக்கமாட்டன். வெட்கத்தில கேக்கேல்லை. ஏன் வெட்கம் எண்டா, நான் மனசுக்கும் குளிசை எடுக்கிறன். மேரி போனதில இருந்து எடுக்கிறன். இங்க நிண்டு பிரசங்கம் பண்ணின நாளிலயும் எடுத்திட்டுத்தான் வந்தனான்." கொஞ்சம் நின்றார். "குளிசையையும் கர்த்தர்தான் தந்தவர் எண்டு நினைக்கிறன். அவ்வளவுதான்."

கதிரையில் இருந்துவிட்டார்.

பின்வரிசையில் ஒரு குழந்தை டேனிஷில் தண்ணீர் கேட்டது. போதகர் தொண்டையைச் செருமினார், மெல்லமாக "ஆமென்" என்றார். பிறகு, அங்கொன்று இங்கொன்றாக, "ஆமென்."

எனக்குப் பக்கத்துக் கதிரையில் அம்மா. கைப்பையை மடியில் வைத்து, அதன் பூட்டைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை" என்றார், முன்னால் பார்த்தபடியே. "அந்தக் குளிசை... கனகாலம் எடுத்தா ஒண்டும் செய்யாதோ?"

"எந்தக் குளிசை, அம்மா?"

"மனசுக்கு எண்டு இவர் சொன்னது. நான் இக்காஸ்டுக்குக் கார் ஓடிப்போய் அங்கத்தை அப்போதேக்கில வாங்குறனான். ஒரு வருசமாகுது."

அடுத்த ஊர், இருபது கிலோமீற்றர். பனியிலும் போயிருக்கிறார். நான் அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன்.

ஏன் என்று கேட்க வாய் வந்தது. ஏன் எனக்குச் சொல்லவில்லை, என்ன கவலை, எப்போது தொடங்கியது. ஒரு மகளுக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. ஆனால் அம்மா இன்னும் முன்னால் பார்த்தபடியே அந்தப் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவர் கேட்டது மகளிடம் இல்லை, மருந்தகத்து ஆளிடம் என்பது எனக்கு விளங்கியது.

குரலைத் தணித்து, கவுண்டரில் கேட்பதுபோலக் கேட்டேன்.

"எத்தினை மணிக்கு எடுக்கிறியள்?"

"காலமை. சாப்பிட்டாப் பிறகு."

"ஒருநாளும் விடாமலோ?"

"ஒருநாளும் விட்டதில்லை."

"சரியாத்தான் எடுக்கிறியள், அம்மா."

அவர் கைப்பையை மூடி நிலத்தில் வைத்தார். சும்மா இருந்த அந்தக் கையை நான் எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்த பாட்டு தொடங்கி முடியும்வரை அது அங்கேயே இருந்தது.